படகின் அடியில் இரு பூச்சுகள்



சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் தமிழ்மக்களிடம் படகைப் பற்றிப் பேச வேண்டிய அவசியம் என்ன என்று உங்களுள் சிலர் வியக்கக்கூடும். மலையும் மாந்தோப்பும் சூழ்ந்த இவ்வூர்களில் நாம் கண்டு பழகிய மிதவை தெப்பம் ஒன்றுதான். திருமலையில் சுவாமி புஷ்கரிணியில், பால்குன மாதப் பௌர்ணமியை ஒட்டி ஆண்டுதோறும் ஐந்து நாள் தெப்போற்சவம் நடைபெறுகிறது. அத்தெப்பம் நன்னீரில் சில நாள் மிதந்து, விழா முடிந்ததும் ஓய்வு கொள்கிறது. அதன் அடியில் சிப்பி ஒட்டுமோ, அலசு பற்றுமோ என்ற கவலை எவருக்கும் எழுவதில்லை.

ஆனால், 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் நாள் ஆந்திர மாநிலத்தின் மாவட்டங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது, திருப்பதிக்குக் கடற்கரை வாய்த்தது. பழைய சித்தூர் மாவட்டத்தின் ஒரு பகுதியும் பழைய நெல்லூர் மாவட்டத்தின் ஒரு பகுதியும் இணைந்து திருப்பதி மாவட்டம் தோன்றியது. சூளூர்ப்பேட்டையும் தடாவும் அதனுள் அடங்கின. தமிழர் பழவேற்காடு என்றும் தெலுங்கர் புலிகாட் என்றும் அழைக்கும் உப்பேரியின் வட கரை அங்கேதான் இருக்கிறது. அதன் தென் கரை தமிழ்நாட்டைச் சேர்ந்தது. சித்தூர்ச் சீமையிலிருந்து பிச்சாட்டூர் வழியாக வரும் ஆரணியாறும், சூளூர்ப்பேட்டையைத் தொட்டுச் செல்லும் காளங்கி ஆறும் இந்த ஏரியில்தான் கலக்கின்றன. நாம் படகு என்கிறோம். அண்டை வீட்டார் படவ என்கின்றனர். சொல்லும் நீரும் இரு மொழியினருக்கும் பொதுவாகவே உள்ளன.

இக்கரையோரத்திலும், பிற மாநிலங்களின் துறைமுகங்களிலும், படகுகளைச் செப்பனிட்டு வர்ணம் பூசும் தொழிலில் நம்மவர் பலர் ஈடுபட்டுள்ளனர். படகில் பங்கு வைத்திருப்போரும் உண்டு. எபாக்ஸி பூசப்பட்ட படகின் அடிப்புறத்திலிருந்து பழைய நச்சு வர்ணத்தை எப்படி நீக்குவது என்பதே இன்றைய பேச்சின் பொருள். கேட்பதற்குச் சிறிய காரியமாகத் தோன்றினும், படகின் ஆயுள், தொழிலாளியின் நுரையீரல், ஏரியின் இறால் ஆகிய மூன்றும் இதில் அடங்கியுள்ளன.

முதலில், நச்சு வர்ணம் எதற்கு என்பதை அறிதல் வேண்டும். உப்புநீரில் தொடர்ந்து நிற்கும் எந்தப் பொருளின் மீதும் சில நாட்களுக்குள் வழவழப்பான பாசிப் படலம் படர்கிறது. அதனைத் தொடர்ந்து கொட்டலசு, சிப்பி, குழாய்ப் புழு முதலியன வந்து குடியேறுகின்றன. அடிப்புறம் சொரசொரப்பானால் படகின் வேகம் குறைகிறது, எரிபொருள் வீணாகிறது. மரப்படகாயின் துளைப்புழுக்கள் உள்ளேயே புகுந்து பலகையைச் சல்லடையாக்கிவிடும்.

நம் முன்னோர் கட்டுமரத்திற்கு இக்கவலையின்றி இருந்தனர். கரை திரும்பியதும் கட்டை அவிழ்த்து மரங்களை மணலில் உலர்த்தினால், ஒட்டிய உயிர்கள் வெயிலிலேயே மாண்டுபோகும். இன்றும் நாள்தோறும் கரையில் ஏற்றி வைக்கப்படும் சிறு பைபர் படகுக்கு நச்சு வர்ணம் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. துறையில் இரவும் பகலும் நீரிலேயே நிற்கும் படகுக்குத்தான் அது வேண்டும். ஆகவே, நச்சு வர்ணம் உண்மையிலேயே வேண்டுமா என்பதே படகுக்காரர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய முதற்கேள்வி.

பெருங்கப்பல்களுக்கு இக்கேள்வி எழவில்லை. அவை நீரிலேயே வாழ்ந்தாக வேண்டும். 1761-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் கடற்படை ‘அலாரம்’ என்னும் போர்க்கப்பலின் அடியில் செம்புத் தகடு அறைந்து சோதித்தது. புழுவும் அலசும் அணுகவில்லை. ஆனால் செம்பைத் தொட்ட இடங்களில் இரும்பு ஆணிகள் அரித்துப்போயின. பின்னர், செம்புத் தகடே மெல்ல மெல்லக் கரைந்து வீணாவதைத் தடுக்க வழி காணுமாறு ஹம்ப்ரி டேவி என்னும் விஞ்ஞானியை நாடினர். 1824-ஆம் ஆண்டில் அவர், செம்புடன் துத்தநாகத்தையோ இரும்பையோ சிறிதளவு இணைத்தால் செம்பு கரைவது நிற்கும் என்று கண்டறிந்தார். அவ்வாறே நின்றது. ஆனால், கரையாத அந்தச் செம்பின் மீது பாசியும் அலசும் முன்போல் மண்டத் தொடங்கின!

இந்நிகழ்ச்சியில் ஒரு பெரும் பாடம் உள்ளது. செம்பு காப்பது, அது தன்னைச் சிறிது சிறிதாக நீருக்குக் கொடுத்துக்கொண்டே இருப்பதால்தான். இன்று பயன்படும் நச்சு வர்ணங்களும் பெரும்பாலும் செம்பு ஆக்சைடு கலந்தவையே. சில வகைகளில் வர்ணம் கடினமாக நிற்க, அதிலுள்ள நஞ்சு மட்டும் கசிந்து வெளியேறும். வேறு சில வகைகளில் வர்ணமே சோப்புக்கட்டி போல நாளடைவில் தேய்ந்து கரையும். எவ்வகையாயினும், தேய்ந்து அழிவதே அதன் தொழில்.

இதற்கு நேர்மாறானது எபாக்ஸிப் பூச்சு. பைபர் படகின் மேற்பரப்பு கண்ணுக்கு மழமழவென்று தோன்றினும், நெடுநாள் நீரில் நின்றால் நீரைச் சிறிது சிறிதாக உறிஞ்சும். உட்புகுந்த நீர் பிசினிலுள்ள பொருள்களுடன் கலந்து, அடிப்புறத்தில் கொப்புளங்களை எழுப்பும். இதனைத் தடுக்கவே, பல முறை பூசி எபாக்ஸிக் கவசம் அமைக்கின்றனர். அதன் மொத்தப் பருமன் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர். ஓர் அஞ்சலட்டையின் பருமன் என்று கொள்ளலாம். அந்த அஞ்சலட்டைதான் படகுக்கும் நீருக்கும் இடையே நிற்கும் சுவர்.

எனவே, படகின் அடியில் இரு பூச்சுகள் உள்ளன. வெளிப்பூச்சு அழிவதற்காகவே பூசப்பட்டது. உட்பூச்சு ஒருபோதும் அழியலாகாதது. முன்னதை முற்றிலும் நீக்கி, பின்னதைத் தொடாமல் நிறுத்துவதே இத்தொழிலின் திறமை அனைத்தும்.

அடுத்து, பழைய வர்ணத்தை எப்போது நீக்க வேண்டும் என்று பார்ப்போம். ஆண்டுதோறும் முழுவதும் சுரண்ட வேண்டுவதில்லை. பழைய வர்ணம் உறுதியாகப் பற்றியிருந்தால், நன்கு கழுவி, மேலாகத் தேய்த்து, அதற்கு இசைந்த வகையையே மேலே பூசலாம். அடுக்கின்மேல் அடுக்காக ஏறி, விரிசல் கண்டு, செதிள் செதிளாக உதிரும்போதும், முன்பு பூசிய வகை எதுவென்று தெரியாதபோதும், கொப்புளம் உண்டா என்று அடிப்புறத்தைப் பார்க்க வேண்டியபோதும் முழுவதும் நீக்குதல் நலம்.

காலமும் நமக்கு வாய்ப்பாகவே அமைந்துள்ளது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறிச் செப்பனிடப்படுவது இந்நாட்களில்தான். வெயில் மிகுந்த காலமாதலால், படகின் உடல் உலரவும் அவகாசம் கிடைக்கிறது.

இனி வேலையின் முறை. படகு கரையேறிய அன்றே, ஈரம் காயுமுன் அடிப்புறத்தைக் கழுவிவிட வேண்டும். ஈரமான பாசி துணிக்கே வந்துவிடும். காய்ந்த பாசி உளிக்கும் வாராது. கொட்டலசை அகலமான தகட்டால் தட்டி எடுக்கலாம். கழுவும் நீரிலும் நஞ்சு இருக்குமாதலால், அது ஏரிக்கு ஓடாத இடமாகப் பார்த்துப் படகை நிறுத்துவது முறை.

அதன்பின் படகின் கீழே தார்ப்பாய் விரித்து, அதன் ஓரங்களை மேலே மடித்துக் கல் வைக்க வேண்டும். முன்புறம், நடுப்புறம், பின்புறம் என மூன்று நான்கு இடங்களில் உள்ளங்கை அளவு மட்டும் சுரண்டிப் பாருங்கள். எத்தனை அடுக்கு உள்ளது, எபாக்ஸி எந்த நிறத்தில் தோன்றுகிறது என்பது அப்போது விளங்கும். எபாக்ஸி பெரும்பாலும் சாம்பல் அல்லது வெள்ளை நிறமாக இருக்கும். அந்நிறம் கண்ணில் பட்டதும் கை நிற்க வேண்டும்.

சுரண்டுவதற்குக் கூரிய, நேரான தகடு பதித்த கைச்சுரண்டியே சிறந்த கருவி. அதன் இரு மூலைகளையும் அரத்தால் சிறிது உருட்டிவிட்டால், எபாக்ஸியில் கீறல் விழாது. அழுத்தம் மிதமாகவும், இழுப்பு ஒரே சீராகவும் இருத்தல் வேண்டும். மழுங்கிய சுரண்டி கைக்கும் வலி, படகுக்கும் கேடு. ஆதலால் அடிக்கடி தீட்டிக்கொள்வது காலவிரயம் ஆகாது. இவ்வாறு சுரண்டும்போது வர்ணம் செதிளாக விழுமேயன்றிப் புழுதியாகப் பறக்காது. இதுவே கைச்சுரண்டியின் பெருநன்மை.

சுரண்டிய பின் எஞ்சும் மெல்லிய திட்டுகளை, 80-ஆம் எண் நீர் உப்புத்தாள் கொண்டு, நீர் தெளித்துத் தேய்த்து எடுக்கலாம். ஈரமாகத் தேய்த்தால் தூசி காற்றில் எழாது. சேறாக வழிந்து தார்ப்பாயில் தங்கும். மின்சாரத் தேய்ப்பு இயந்திரத்தைப் பயன்படுத்தியே தீர வேண்டுமாயின், தூசியை உடனுக்குடன் உறிஞ்சும் குழாய் இணைந்த இயந்திரமே ஏற்றது. அப்போதும் ஒரே இடத்தில் அதை நிறுத்தலாகாது. கால் மில்லிமீட்டர்ச் சுவரைச் சில நொடிகளில் அது தின்றுவிடும்.

வர்ணத்தை இளக்கும் இரசாயனக் குழம்புகளும் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றுள், பைபருக்கும் எபாக்ஸிக்கும் ஊறு செய்யாதது என்று தயாரிப்பாளரே எழுதியிருப்பதை மட்டும் வாங்க வேண்டும். அதையும் சிறு இடத்தில் சோதித்த பின்னரே பயன்படுத்த வேண்டும். மெத்திலீன் குளோரைடு கலந்த குழம்பு எபாக்ஸியையும் சேர்த்து இளக்கிவிடும். மூடிய இடத்தில் அதன் ஆவியைச் சுவாசித்து உயிரிழந்தோர் உண்டு. அமெரிக்க அரசு 2019-ஆம் ஆண்டில் வீட்டு உபயோக வர்ண நீக்கிகளில் அதற்குத் தடை விதித்தது.

கூடாதவை இன்னும் இரண்டு. தீச்சுடரையோ வெப்பக்காற்று இயந்திரத்தையோ கொண்டு வர்ணத்தைச் சுடலாகாது. சாதாரண வெப்பத்தில் இறுகும் எபாக்ஸி ஏறக்குறைய 60 டிகிரி அளவிலேயே இளகத் தொடங்கும். சுடுபட்ட நச்சு வர்ணமோ நச்சுப் புகையாக எழும். அவ்வாறே, ஆற்று மணலை வீசியடித்துத் தேய்ப்பதும் தகாது. மணல்தூள் நுரையீரலில் தங்கி, தீராத நோயை உண்டாக்கும். படகுக்கும் அந்த அடி தாங்காது.

இங்குத் தொழிலாளியின் உடல்நலம் பற்றிச் சற்று அழுத்தமாகவே கூற விரும்புகிறேன். துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு, உலர்ந்த நச்சு வர்ணத்தை இயந்திரத்தால் தேய்க்கும் காட்சி நம் கரைகளில் அரிதன்று. அந்தத் துண்டு பெருந்தூசியைத் தடுக்கலாம். கண்ணுக்குத் தெரியாத நுண்தூசியைத் தடுக்காது. நுண்தூசியைத் தடுக்கும் வடிகட்டி பொருந்திய முகக்கவசம் வேண்டும். இரசாயனக் குழம்பைக் கையாளும்போது ஆவிக்குரிய வடிகட்டி தனியே வேண்டும். கண்ணாடி, இரப்பர்க் கையுறை, நீண்ட கைச்சட்டை ஆகியவையும் வேண்டும். வேலை முடிந்ததும் கை முகம் கழுவாமல் உண்ணவோ, வெற்றிலை போடவோ கூடாது. வேலை உடுப்பை வீட்டுக்கு அப்படியே அணிந்து சென்றால், தந்தையின் சட்டைத் தூசி குழந்தையின் மூச்சில் சேரும். அதனைத் தனியே கழற்றி, தனியே துவைப்பது நன்று. ஊர் விட்டு ஊர் வந்து கூலிக்கு உழைப்பவர் முகக்கவசம் கேட்கக் கூச்சப்படுதல் இயல்பே. ஆனால் அது சலுகையன்று, வேலைக்குரிய கருவி. சுரண்டியைக் கேட்பது போலவே அதனையும் கேட்டுப் பெறலாம். கொடுப்பது வேலை தருபவரின் கடமை.

இனி ஏரியைக் கருதுவோம். பழவேற்காடு, ஒடிசாக் கரையின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உப்பேரி. ஆயினும் ஆழம் மிகக் குறைவு. பல இடங்களில் ஆள் நின்று நடக்கலாம். கடலோடு சேரும் வாயில் குறுகியது; மணல் சேர்ந்து அடைபடுவதும் உண்டு. ஆழ்கடலில் கரையும் செம்பு எங்கோ பரவிப் போகும். இத்தகைய ஏரியில் உதிர்ந்த செதிள்களோ அடிச்சேற்றிலேயே தங்கிவிடும். இறால், நண்டு, சிப்பி ஆகியவற்றின் குஞ்சுகள் சிறிதளவு செம்புக்கும் ஆற்றாதவை. கொட்டலசின் குஞ்சைக் கொல்லும் நஞ்சு, இறால் குஞ்சை மட்டும் வேறுபடுத்திப் பார்க்குமோ? எந்தப் பிழைப்புக்காகப் படகு செப்பனிடப்படுகிறதோ, அந்தப் பிழைப்பையே அது தாக்கும்.

இது வெறும் அச்சமன்று. 1960-களுக்குப் பின், டிரைபியூட்டைல்டின் என்னும் வெள்ளீயச் சேர்மம் கலந்த வர்ணம் உலகெங்கும் பரவிற்று. அது செம்பினும் வலியது. 1970-களின் இறுதியில் பிரான்சு நாட்டின் ஆர்க்கசோன் விரிகுடாவில் சிப்பி வளர்ப்பு நொடித்தது. சிப்பிகளின் ஓடு தாறுமாறாகத் தடித்தது, குஞ்சுகள் பிழைக்கவில்லை. படகுகளின் வர்ணமே காரணம் என்று தெளிந்து, 1982-ஆம் ஆண்டில் சிறு படகுகளுக்கு அதனைத் தடை செய்தனர். வேறு கரைகளில் பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைத்து, இனம் அருகியதும் கண்டறியப்பட்டது. 2001-ஆம் ஆண்டில் சர்வதேசக் கடல்சார் அமைப்பு இவ்வகை வர்ணத்தைத் தடுக்கும் உடன்படிக்கையை ஏற்றது. 2008-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-ஆம் நாள் அது அமலுக்கு வந்தது. சைபுட்ரின் என்னும் மற்றொரு நஞ்சைப் புதிதாகப் பூசுவதும் 2023 ஜனவரி முதல் அவ்வுடன்படிக்கையால் விலக்கப்பட்டது. ஆயினும், கைமாறி வந்த பழைய படகின் அடி அடுக்குகளில் எந்த நஞ்சு உறைகிறது என்று எவர் அறிவார்? மிகக் கொடியது உள்ளது என்று எண்ணியே கையாள்வது அறிவுடைமை.

ஆகவே, தார்ப்பாயில் விழுந்த செதிளையும் சேற்றையும் அன்றன்றே திரட்டி, மூடியுள்ள தகரத்தில் அடைத்து வைக்க வேண்டும். அதனை நீரில் கொட்டலாகாது, மணலில் புதைக்கலாகாது, எரிக்கவும் ஆகாது. 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளில் வர்ணத் தொழிலின் கழிவுகளும் இடம்பெற்றுள்ளன. அவற்றை ஒப்படைக்கும் வழியை மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அலுவலகத்தில் கேட்டறியலாம். ஒரு படகுக்காரர் தனியே செய்வது கடினம். ஒரு துறையின் படகுக்காரர்கள் கூடி, ஒரே இடத்தில் சேர்த்து அனுப்புவது எளிது.

வர்ணம் நீங்கிய பின், எபாக்ஸியை வெளிச்சத்தில் நன்கு பார்க்க வேண்டும். எங்கேனும் சுவர் அறுபட்டு உள்பைபர் தெரிந்தால், உடனே பூசி மறைப்பது தவறு. உள்ளே ஈரம் அடைபட்டுவிடும். நிழலுள்ள பக்கத்தில் ஒரு சதுரப் பிளாஸ்டிக் தாளை, நான்கு ஓரமும் நாடாவால் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் உட்புறத்தில் நீர்த்துளி அரும்பினால் படகு இன்னும் உலரவில்லை என்று பொருள். உலர்ந்த பின் அவ்விடத்தைத் தேய்த்து, எபாக்ஸியால் பல முறை பூசி, பழைய பருமனுக்குக் கொண்டுவர வேண்டும். இறுகிய எபாக்ஸியின் மேல் மெழுகு போன்ற படலம் தோன்றினால், தின்னரால் துடைக்காமல், தூய நீரும் பஞ்சும் கொண்டு கழுவியபின் தேய்ப்பது முறை.

புதிய நச்சு வர்ணத்தின் முதற்பூச்சுக்கு ஒரு பக்குவம் உண்டு. கடைசி எபாக்ஸிப் பூச்சின்மேல் பெருவிரலை வைத்தால் தடம் பதிய வேண்டும்; ஆனால் விரலில் ஒட்டலாகாது. அந்த வேளையில் பூசினால் இரண்டும் நன்கு பற்றிக்கொள்ளும். அவ்வேளை தவறிவிட்டால், முற்றிலும் இறுகவிட்டு, 80-ஆம் எண் உப்புத்தாளால் தேய்த்த பின் பூசலாம். முதற்பூச்சை ஒரு நிறத்திலும் அடுத்ததை வேறு நிறத்திலும் பூசிவைப்பது இன்னும் நல்லது. மேல்நிறம் தேய்ந்து அடிநிறம் தெரியும்போது, மறுபூச்சுக்குரிய காலம் வந்தது என்று படகே சொல்லிவிடும். அடிப்புறத்தில் திருகப்பட்டுள்ள துத்தநாகக் கட்டியின் மேல் மட்டும் வர்ணம் படக்கூடாது. தான் கரைந்து மற்ற உலோகங்களைக் காப்பது அதன் வேலை. டேவி 1824-இல் கண்ட உண்மை இன்றும் அந்தச் சிறு கட்டியில் உழைக்கிறது.

கொச்சியில் 1957-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையத்தார், படகு மரத்தைப் பதப்படுத்துவது பற்றியும் அடிப்புற வர்ணங்கள் பற்றியும் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகின்றனர். நஞ்சின்றி அலசைத் தடுக்கும் பூச்சுகளும் உலகில் வளர்ந்து வருகின்றன. அவை எளிதாகக் கிடைக்கும் நாள் வரும்வரை, நம் கையிலுள்ள வழி பொறுமை ஒன்றே.

நேயர்களே! ஒரு நாளில் முடிக்கும் வேலையை மூன்று நாளில் செய்யச் சொல்கிறேன் என்று சிலர் குறைபடலாம். தடைக்காலம் அறுபத்தொரு நாள். அதில் இரு நாட்களைப் படகுக்கும், ஏரிக்கும், நம் மூச்சுக்கும் கொடுப்பதில் நட்டம் ஏதும் இல்லை. மேற்பூச்சு போகட்டும், உட்பூச்சு நிலைக்கட்டும், உதிர்ந்த நஞ்சு தகரத்தில் அடங்கட்டும். ஜூன் 15-ஆம் நாள் படகு மீண்டும் நீரில் இறங்கும்போது, அதன் கீழே இறால் குஞ்சும் உயிருடன் நீந்தட்டும்.